நாலு பொட்டை, ஒரு கடுவன்

ஜூலை 3, வியாழன்

காலையிலிருந்து காற்று. மேற்கே மலையில் நல்ல மழை, பழனிசெட்டிபட்டிக்கு வெறும் சாரல். துணி காயவில்லை.

செம்பிக்கு இன்று 57ஆம் நாள். வயிறு தரையைத் தொடுகிறது. நடக்கும்போது பின்னங்கால் அகட்டி, பாவம். கோம்பைக்குக் கூட்டிப்போய் ஆண் நாயோடு இணை சேர்த்தது மே 7.

வேண்டியவை: பழைய சாக்கு 2 (கிடைத்தது). பெரிய அட்டைப்பெட்டி. டெட்டால். நூல். பிளேடு. எனக்குத் தலைவலி மாத்திரை.

மாத்திரைக்குக் காரணம் இவர். சாப்பிடும்போது கேட்கிறார்: "ஏ கலா, ஒங்க ஸ்கேன் சென்டர்ல ஒரு தடவ வச்சுப் பாத்தா என்ன? எத்தன கடுவன்னு தெரிஞ்சா, கேட்ட ஆளுகளுக்குச் சொல்லிரலாம்ல."

ஆணா பெண்ணா என்று சொல்வது குற்றம் என்ற போர்டுக்கு அடியில்தான் என் நாற்காலி. அதைப் படித்துவிட்டே வந்து, "ஒண்ணுஞ் சொல்ல வேணாம்மா, லேசாச் சிரிச்சாப் போதும்" என்று கெஞ்சுகிற மாமியார்களுக்கு ஒரு நாள்கூடப் பஞ்சமில்லை. வீட்டுக்கு வந்தால் இங்கேயும் அதே கேள்வி. நாய்க்கு.

இவர் குட்டி சொல்லி வைத்திருக்கும் லட்சணம்:
1. இவருடைய அண்ணன். ஏலத்தோட்டக் காவலுக்கு. கடுவன்.
2. போடியில் பைப் மொத்த வியாபாரி. கடுவன்.
3. கோம்பைக்காரர். ஆண் நாய் அவருடையது, வழக்கப்படி முதல் குட்டியைத் தேர்ந்தெடுப்பவர் அவர்தான். அவரும் கடுவனைத்தான் எடுப்பார் என்று இவரே முடிவு செய்துவிட்டார்.

பிள்ளை பிறக்கும் முன்னே பேர் வைக்கிற அவசரம்.

ஜூலை 6, ஞாயிறு

காலை 7: சோறு வேண்டாம் என்றுவிட்டது. பெட்டிக்குள் சாக்கைப் பிறாண்டிக்கொண்டே இருந்தது. மூச்சிரைப்பு. எனக்கும் சமையல் ஓடவில்லை.

9.20 முதல் குட்டி. 9.50. 10.05. பிறகு ஒரு மணி நேரம் ஒன்றுமில்லை, பயந்தே போனேன். 11.10. 11.40. பிளேடும் நூலும் தேவைப்படவில்லை. கொடியைத் தானே கடித்து, நக்கித் துடைத்து, எல்லாம் அதுவே. நான் பக்கத்தில் உட்கார்ந்து "சரித்தா, சரித்தா" என்று சொன்னதுதான் என் வேலை.

இவர் கதவுக்கு வெளியே போனும் கையுமாக. ஒவ்வொன்றுக்கும் "என்ன?" என்ற ஒரே கேள்வி. பொட்டை. பொட்டை. கடுவன். ("ஆங்!") பொட்டை. பொட்டை. கடைசிக்கு "என்ன" கூட இல்லை, செருப்பு மாட்டுகிற சத்தம்தான்.

ஐந்தும் செவலை, வாய் கறுப்பு. கடைசிக் குட்டிக்கு நெஞ்சில் நகம் அளவு வெள்ளை. எனக்கு அழுகை வந்தது. நல்ல அழுகை.

ஜூலை 7, திங்கள்

லீவு கிடைக்கவில்லை. மதியம் ஓடிவந்து கஞ்சி வைத்துவிட்டு ஓடினேன்.

சாயங்காலம் இவருடைய உபதேசம். "பொட்ட நாயி வீட்ல கெடந்தா தெருநாயெல்லாம் வாசல்ல வந்து நிக்கும்."

"அப்ப செம்பி யாரு?"

"அது அண்ணே ஆசப்பட்டுக் குடுத்தாக. வேணாம்னு சொல்ல முடியுமா?"

அடுத்தது இது: "கடுவன் ஒண்ணே ஒண்ணு. பாலு பூரா அதுக்கே போனாத்தான் எலும்பு ஏறும். அண்ணே தோட்டத்துல எல்லாம் அப்பிடித்தான் செய்றாக."

செய்தால் தெரியும் சேதி என்றேன். சிரித்தார். நானும் அதோடு விட்டுவிட்டேன். விட்டிருக்கக் கூடாது.

ஜூலை 9, புதன்

6.40க்கு வீடு. பெட்டியில் ஒரு குட்டி. ஒன்றே ஒன்று.

செம்பி பீரோவுக்கு அடியில் மோந்து பார்க்கிறது. மோட்டார் அறை. மறுபடி பீரோ. என் கையை மோந்து பார்த்தது, நான் எடுத்துவிட்டேன் என்று நினைத்ததோ என்னவோ.

"எங்க?"

"விட்டுட்டேன்."

"எங்க விட்டீக?"

"ஆள் நடமாட்டம் உள்ள எடந்தான். எவனாச்சும் எடுத்துக்கிருவான்."

இடத்தைச் சொல்லவே இல்லை. எத்தனை முறை கேட்டேன். டிவி சத்தத்தைக் கூட்டினார். கண் திறக்காத நாலு உயிர். சாரல் வேறு. இந்த ஆளோடு பதினாறு வருஷம்.

சோறு பொங்கவில்லை. யாருக்கும்.

ஜூலை 10, வியாழன்

லீவு சொல்லவில்லை, போகவும் இல்லை. செம்பி எழுந்திருக்கவில்லை. மடியெல்லாம் கல். தொட்டால் கத்துகிறது, உடம்பு கொதிக்கிறது. காம்பு இறுகிப்போய்க் கடுவன் வாய் வைத்து வைத்து அழுகிறது. பால் பூரா அதற்காம்! ஒரு சொட்டு இறங்கவில்லை.

ஆட்டோவில் தூக்கிக்கொண்டு கால்நடை டாக்டரிடம். இவரும் வந்தார், பயந்துபோய். டாக்டரம்மா மடியைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "மத்த குட்டிக எங்க?"

"வெளிய விட்டுட்டேன்" என்றார் இவர்.

"பால் கட்டிருச்சு. ஊசி போடுறேன். ஆனா குட்டிக குடிச்சாத்தான் இளகும். எங்கன விட்டீகளோ அங்கன போயி எடுத்துட்டு வாங்க."

அப்போது வந்தது இடம். ஜெயமங்கலம் போகிற வழியில், ஒரு நெல் களத்தோரம். நேற்று நான் கத்தியபோது வராத ஞாபகம்.

அதே ஆட்டோவில் போனோம். செம்பி என் மடியில். களத்தில் ஒரு அம்மா தார்ப்பாயை மடித்துக்கொண்டிருந்தார். கேட்டதும் கூடையைக் காட்டினார். ரெண்டு. துணித் திரியில் ஆட்டுப்பால் நனைத்து வாயில் வைத்துக் காப்பாற்றி வைத்திருக்கிறார்.

"மத்த ரெண்டு?"

"நான் வாறதுக்குள்ள வேற நாயி இழுத்துட்டுப் போயிருச்சு தாயி."

பிறகு இவரைப் பார்த்து: "நீங்கதேன் விட்ட ஆளா? பாத்தாப் படிச்ச ஆளு கணக்கா இருக்கீக. ச்சீ."

நான் சொல்ல வேண்டியதை அந்த அம்மா ஒரே சொல்லில் சொல்லிவிட்டார்.

நெஞ்சில் வெள்ளை உள்ள குட்டி கூடையில் இல்லை.

ஜூலை 11, வெள்ளி

காற்று அடங்கியிருக்கிறது. மடி கொஞ்சம் இளக்கம். காய்ச்சல் இறங்குகிறது. மூன்றும் குடிக்கின்றன. ஊசி இன்னும் 2 நாள். வெந்நீர் ஒத்தடம் காலை, மதியம், மாலை. ஒத்தடம் கொடுப்பது இவர், நான் சொல்லாமலே. அதற்கெல்லாம் என் கோபம் தீராது.

மதியம் கோம்பைக்காரர் போன். இவர் ஸ்பீக்கரில் போட்டுவிட்டு ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"எத்தன குட்டிண்ணே?"

"ஒண்ணுதாங்க. கடுவன். முதல் குட்டி ஒங்களுக்குத்தான்."

"அட, பொட்ட இல்லையா? நான் பொட்டைக்கில்ல காத்துக்கிட்டு இருக்கேன். கடுவன வச்சு வம்சமா பெருக்க முடியும்?"

எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. பயன்படும் என்றால் பொட்டை வேண்டும், இல்லையென்றால் களத்தோரம். ரெண்டு பேரும் ஒரே குட்டையில் ஊறின மட்டைதான்.

போனை எடுத்தேன். "பொட்ட நாலு பொறந்துச்சுண்ணே. இவரு கொண்டுபோயி ரோட்டோரம் விட்டுட்டாரு. ரெண்டு செத்துப்போச்சு. மிச்சம் ரெண்டையும் நான் யாருக்கும் தர்றதா இல்ல. கடுவன் வேணும்னா வந்து எடுத்துக்கங்க."

அந்தப் பக்கமிருந்து, "சரிம்மா."

அப்போதிருந்து இவர் சொல்லிக்கொண்டிருக்கிறார், கோம்பை முழுக்க அவமானமாகப் போயிற்றாம், இனி அந்தப் பக்கம் தலை காட்ட முடியாதாம். மூன்று முறை சொல்லியாயிற்று. செத்த ரெண்டைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை வரவில்லை.