ஐந்து விநாடியும் என் சகலையும்

மார்ச் 3, செவ்வாய்

இன்று மீட்டிங்கில் என் ஐந்து விநாடிக்கு உலை வைத்துவிட்டார்கள்.

மருந்து ஏற்றும் பம்பை ஆன் செய்ததும் அதை இயக்கும் என் அடிமட்ட கெர்னல் கோட், அதன் அளவு ஃபைலை, அதாவது தேய்மானத்துக்கேற்ப எவ்வளவு தள்ள வேண்டும் என்ற கணக்கை, படித்தாக வேண்டும். அந்த நேரத்தில் டிஸ்க் தயாராகியிருக்காது. அதனால் ஐந்து விநாடி சும்மா இரு என்று எழுதிவைத்தேன். மூன்று வருஷம் ஒழுங்காக ஓடியது. இப்போது பம்பு சீக்கிரம் தயாராக வேண்டுமாம். "ஃபைல் கிடைக்கிற வரைக்கும் திறந்து திறந்து பாத்தா போதுமே" என்றான் சகலை. அப்படியே எழுதியும் காட்டினான்: ஒன்றரை விநாடியில் பம்பு தயார். மேலாளர் கைதட்டினார்.

சகலை, என் மனைவியின் தங்கை புருஷன். போன வருஷம் அவனை இங்கே சிபாரிசு செய்தது யார்? நான்தான். சொந்தக் காசில் சூனியம்.

மார்ச் 4

வயிறு எரிகிறது. நாசூக்காகச் சொல்ல வேறு வார்த்தை வரவில்லை. டீம் லீட் யாரென்று இந்த மாதம் முடிவாகும். எட்டு வருஷமாகக் காத்திருக்கிறேன். மாமனார் போனில், "சின்ன மாப்பிள்ளை ஏதோ சாதிச்சுட்டாராமே" என்றார். பெரிய மாப்பிள்ளையான நான் "ஆமாம்" என்றேன்.

மார்ச் 6

அவன் கோட்டில் ஓட்டை!

உண்மையான டிஸ்க் வருவதற்கு முன், மெமரியில் ஒரு தற்காலிக ஃபைல் சிஸ்டம் இருக்கும். அதிலும் அதே பெயரில் ஒரு ஃபைல் இருக்கிறது — பழைய அளவுகளோடு. அவன் கோட் அதைத் திறந்துவிட்டு, கிடைத்தாயிற்று என்று நின்றுவிடுகிறது. லேபில் எல்லாம் புதுப் பம்புகள், இரண்டு அளவும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆஸ்பத்திரியில் ஓடித் தேய்ந்த பம்புகளில் மருந்து கூடக்குறையப் போகும்.

அந்த ஃபைலை அங்கே வைத்தவன் நான். ஆத்திர அவசரத்துக்கு இருக்கட்டும் என்று வைத்து மறந்தது. ஐந்து விநாடி கழித்துப் படித்ததால் என் கோட் அதைச் சந்தித்ததே இல்லை.

வியாழக்கிழமை வெளியீடு. யாரிடமும் சொல்லவில்லை.

மார்ச் 9

இன்றும் சொல்லவில்லை. கடைசி நிமிஷத்துல, எல்லார் முன்னாலயும் சொன்னா என்ன? அவன் மூஞ்சி போற போக்கை ஒரு தடவை பாக்கணும்.

மார்ச் 11

மனைவி கேட்டாள்: "அஞ்சு நாளா யார்கிட்டயும் முகங்குடுத்துப் பேசல. அவரு உங்களுக்கு என்னதான் பண்ணாரு?"

ஒன்றும் பண்ணவில்லை. அதுதான் எரிச்சல். எங்கேயோ ஒருத்தர் கையில் ஊசியோடு படுத்திருப்பார். நான் இங்கே சகலை மூஞ்சியைப் பார்க்கக் காத்துக்கிடக்கிறேன் — என்ன மனுஷன் நான்?

மார்ச் 12, வியாழன்

மீட்டிங் வரை பொறுக்க முடியவில்லை. காலையிலேயே அவன் மேசைக்குப் போய்ச் சொன்னேன். ஃபைலை வைத்தது நான் என்பதையும்.

ஸ்கிரீனை என் பக்கம் திருப்பினான். "தெரியும் சகலை. திங்கக்கிழமையே பாத்துட்டேன். யார் வெச்சதுன்னு தேடினா உங்க பேர் வந்துச்சு. அந்த ஃபைலை எடுத்துட்டு, டிஸ்க் வந்தப்புறம் மட்டும் படிக்கிற மாதிரி மாத்திட்டேன்."

"அப்புறம் ஏன்ப்பா சொல்லல?"

"நீங்களே சொல்வீங்கன்னுதான்."

நாலு வார்த்தை திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

மார்ச் 16

மேலாளர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, டீம் லீடாக யாரைப் போடலாம் என்றார். அவன்தான் பொருத்தம் என்றேன். சொல்லும்போதும் வயிறு எரிந்தது.

மத்தியானம் சகலையைக் கூப்பிட்டேன். "சும்மா இருன்னு இன்னும் நாலு இடத்துல எழுதி வெச்சிருக்கேன். வந்து பாரு." நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து நோட்டில் குறித்துக்கொண்டான். கையெழுத்துகூட என்னுடையதைவிட நன்றாகத்தான் இருக்கிறது.