கடத்தியவன் பக்கம்

நவம்பர் 4, செவ்வாய்

காலையிலிருந்து மழை. கிளினிக்கில் கூட்டமே இல்லை. பல்வலிகூட மழைக்குப் பயப்படும் போலிருக்கிறது.

வாங்க வேண்டியவை: இட்லி அரிசி, தைலம், கவினுக்குக் கறுப்புக் காலுறை (நீளமானது, முகாமில் குட்டையாகப் போட விடமாட்டார்களாம்).

வாசகர் வட்டத்தில் இந்த மாதம் குற்ற நாவல். பள்ளி வேன் ஓட்டுகிறவன், தினமும் ஏற்றி இறக்கும் பையனை ஒருநாள் இறக்கிவிடாமல் அப்படியே மலேசியாவுக்குக் கொண்டுபோய்விடுகிறான். பணம் கேட்கவில்லை, மிரட்டவில்லை. பாசமாம். பையனின் அம்மா முதலில் கொஞ்சம் வருகிறாள், கடைசியில் கொஞ்சம். இரண்டு இடத்திலும் கையில் போன்.

எங்கள் வட்டத்தில் கதை பிடித்ததா இல்லையா என்று மட்டும் பேசிவிட்டுப் போக முடியாது. பாத்திரங்களின் பெயரைச் சீட்டில் எழுதிக் குலுக்குவோம். யாருக்கு யார் விழுகிறதோ, அந்த ஆளாகவே நின்று ‘நான்’ என்று பேச வேண்டும். மற்றவர்கள் கேள்வி கேட்பார்கள். கமலா டீச்சரின் குரல் செய்தி மதியம் வந்தது: “வாசுகி, உனக்குக் கடத்துனவன் விழுந்திருக்கான். ஜமாய்ச்சிடு!”

மாற்றித் தரச் சொல்லலாம். காரணம் கேட்பார்கள். அங்கே யாருக்கும் என் கதை தெரியாது, மகன் கவின் ‘சென்னையில படிச்சான்’ என்பதோடு சரி.

என் கணவர் ரகு அவனைக் கூட்டிப் போனபோது அவனுக்கு ஐந்து வயது. “ஒரு மாசம் சென்னையில எங்கம்மாகூட இருந்துட்டு வர்றோம்.” நான்தான் பெட்டி அடுக்கிக் கொடுத்தேன். பிறகு வீடு மாறினார்கள், போன் எண் மாறியது. சென்னைக்கும் இந்த ஊருக்குமாக அலைந்தேன். வழக்கு இழுத்தது, இழுத்தது, ஓய்ந்தது. இப்போது அவனுக்குப் பதினெட்டு. ராணுவத்தில் கட்டாய தேசிய சேவைக்குக் கூப்பிட்டார்கள், வந்துவிட்டான். அரசாங்கம் கூப்பிட்டால்தான் வருவான் போல. சே, அப்படி எழுதக் கூடாது. பாவம், நான் கூப்பிட்டது எதுவும் அவன் காதுவரை போகவே இல்லை.

நவம்பர் 8, சனி

கவின் முகாமிலிருந்து வந்தான். வெயிலில் கறுத்து, காது மட்டும் பெரிதாகத் தெரிகிறது. துணி மூட்டை. சேற்று நாற்றம். எனக்குப் பிடித்த நாற்றம்.

மீன் குழம்பு வைத்தேன். “போதும்.” “ஓகே.” “பரவால்ல, நீங்க சாப்பிடுங்க.” விருந்துக்கு வந்த பையன் மாதிரி தட்டைக் கழுவி வைத்தான்.

சாயங்காலம் வழக்கம்போல் அறைக்குள் போய் அப்பாவோடு போன். வாய்விட்டுச் சிரிக்கிறான். ரகு அப்படி என்னதான் சொல்வாரோ. நான் கூடத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தேன், மடித்ததையே திரும்பவும்.

அவனுக்குத் தமிழ் படிக்க வராது, பள்ளியில் பிரெஞ்சு எடுத்தானாம். நாவலின் அட்டையைப் பார்த்து என்ன கதை என்றான். சொன்னேன்.

“அந்தப் பையனை அடிச்சானா?”

“இல்ல.”

“நல்லா பாத்துக்கிட்டானா?”

“ம்.”

“அப்போ வில்லன் இல்லையே.” துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டான்.

நவம்பர் 11, செவ்வாய்

வேலை முடிந்து அரிசி வாங்க லிட்டில் இந்தியா. தீபாவளி அலங்கார விளக்குகளைக் கழற்றுகிறார்கள், சிராங்கூன் சாலை பாதி மூளியாக நிற்கிறது. காலுறை மறந்தேன்.

எங்கள் வாசகர் வட்டத்துச் சுல்தான் பாய், தன் ஜவுளிக்கடை வாசலிலேயே பிடித்துக்கொண்டார். “மூணு இடத்துல அழுதுட்டேன்மா. பெத்தவங்ககூட அப்படிப் பாக்க மாட்டாங்க. காய்ச்சல்ல கெடக்குற பையனுக்குக் கஞ்சி ஊட்டுறான் பாருங்க, கடத்தல்காரன் மாதிரியா இருக்கு?” கடைக்கு வந்த அம்மாள் ஒருத்தி, புடவையைத் தடவிக்கொண்டே, “அந்தப் பொம்பளைக்கு நல்லா வேணும். பிள்ளைய வுட்டுட்டு வேலை வேலைன்னு அலைஞ்சால்ல” என்றாள். அவளும் படித்திருக்கிறாள் போல.

வட்டத்தின் வாட்ஸ்அப் குழுவில் அடிதடி. கமலா டீச்சர்: குத்தம் பண்ணுனவனுக்கு இவ்ளோ கண்ணீரா? வக்கீல் பிரியா: “கதையே ஓட்டை லா. இமிகிரேஷன்ல எப்படி விட்டாங்க?”

விடுவார்கள், பிரியா. கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தபடி போகிற பிள்ளையை ஏன் நிறுத்தப் போகிறார்கள்? மேசையில் மிட்டாய் வேறு வைத்திருப்பார்கள். கவின் இரண்டாக எடுத்திருப்பான்.

நவம்பர் 15, சனி

காலையில் வெயில். மதியம் கொட்டியது. கூட்டம் வழக்கமான பிரியாணிக் கடை மாடியில். கவினை ஆறு மணிக்கு வந்து சாப்பிடச் சொல்லியிருந்தேன்.

என்னை அழைத்தார்கள். தயார் செய்து வைத்திருந்தது ஒன்றும் வாயில் வரவில்லை. வந்ததெல்லாம் ரகுவின் பேச்சு. கவினைக் கொண்டுபோன பிறகு ஒரே ஒரு முறை போனில் சொன்னது, வரி மாறாமல்.

“தப்புன்னு தெரியும். ஆனா அவன் இல்லாத வீட்டுக்குள்ள என்னால நுழைய முடியாது. அவன் தூங்குற சத்தம் கேக்கலன்னா எனக்குத் தூக்கம் வராது. நான் என்ன செய்யட்டும்?”

சுல்தான் பாய் கைக்குட்டையை எடுத்துவிட்டார். பிரியா எழுந்து கேட்டாள்: “அந்த அம்மாவை ஒரு நிமிஷமாச்சும் நெனச்சீங்களா?”

“அவ தைரியசாலி. தாங்கிக்குவா.”

அதுவும் ரகு சொன்னதுதான். கை தட்டினார்கள். கமலா டீச்சரே தட்டினார். எனக்கு ஒவ்வொருவர் கையையும் பிடித்து நிறுத்த வேண்டும் போலிருந்தது. அப்போதுதான் பார்த்தேன், கடைசி நாற்காலியில் கவின். சீக்கிரமே வந்திருக்கிறான். அவனும் தட்டிக்கொண்டிருந்தான்.

ரயிலில் என் பையை அவன் வாங்கிக்கொண்டான்.

“அந்த ஆளை ஏன் எடுத்தீங்கன்னு புரிஞ்சுதும்மா.”

“ஏன்?”

“அப்பாவும் அப்படியேதான் சொல்வாரு. அந்தத் தூக்கம், சத்தம்… எல்லாமே. நீங்க அவரை வெறுக்குறீங்கன்னு நெனச்சுட்டே இருந்தேன்.” என் பையின் வாரைத் திருகிக்கொண்டே, “சாரிம்மா.”

சீட்டு குலுக்கிப் போட்டது, நானாக எடுக்கவில்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். நாங்கள் இறங்கும் புக்கிட் பாஞ்சாங் வரை என் தோளில் சாய்ந்து தூங்கினான். கனம். எத்தனை வருடக் கனம். நான் அசையவே இல்லை.

நவம்பர் 16, ஞாயிறு

அவனே எழுந்து வெங்காயம் நறுக்கினான். தோசை கேட்டு வாங்கிச் சாப்பிட்டான், இன்னொன்று கேட்டான். சார்ஜென்ட் மாதிரி நடந்து காட்டினான். வயிறு வலிக்கச் சிரித்தேன். இந்த வீட்டில் நான் அப்படிச் சிரித்து நாளாயிற்று.

ஒரு பொய்யின் மேல் உட்கார்ந்து தோசை சாப்பிடுகிறோம் என்று தெரியும். நான் ரகுவை மன்னிக்கவில்லை. மன்னிக்கப் போவதும் இல்லை. அதைச் சொன்னால் இந்தச் சிரிப்பு போய்விடும், மறுபடியும் “பரவால்ல, நீங்க சாப்பிடுங்க.” என்னால் முடியாது. அந்த வேன்காரனும் இப்படித்தான் நினைத்திருப்பான்.

மதியம் முகாமுக்குத் திரும்பப் பை கட்டும்போது சொன்னான்: “அப்பாகிட்ட எல்லாம் சொல்லிட்டேன். அழுதுட்டாரு. அடுத்த மாசம் என் பயிற்சி முடியுற பரேடுக்கு வரட்டுமான்னு கேக்குறாரு. நீங்களும் அவரும் ரெண்டு பக்கமும் நிக்கணும்மா.”

நான் பதில் சொல்வதற்குள் வீடியோ அழைப்பு. திரையில் ரகு. முடி நரைத்துவிட்டது. என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். “நீ புரிஞ்சுக்குவேன்னு எனக்குத் தெரியும்” என்றார்.

இத்தனை வருடமாக இவரிடம் எத்தனை பேசியிருக்கிறேன். குளிக்கும்போது, பஸ்ஸில், கிளினிக் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு. ஒன்றுகூட நாலு பேர் முன்னால் சொல்லத் தக்கதல்ல. எல்லாம் மனப்பாடம்.

கவின் போனைப் பிடித்துக்கொண்டு, அதைப் பார்க்காமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“சாப்பிட்டீங்களா?” என்று ரகுவிடம் கேட்டேன்.