எப்போதாவது ஓட்டுபவர்

பிப்ரவரி 3, செவ்வாய்

கார் இன்சூரன்ஸைப் புதுப்பிக்கச் சொல்லிக் கடிதம் வந்திருக்கிறது. தொகையைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். துடைத்த பிறகும் அதேதான். போன வருடத்தைப்போல ஒன்றரை மடங்கு. வண்டியில் ஒரு கீறல் இல்லை, இதுவரை ஒரு க்ளெய்ம் இல்லை. நாங்கள் செய்த ஒரே குற்றம், ஆளுக்கு ஒரு வயது கூடியது. இவர் கடிதத்தை வாங்கிக் கிட்டத்தில் வைத்தார், எட்டத்தில் வைத்தார். "படிச்சிட்டேன்" என்று திருப்பிக் கொடுத்தார். படிக்கவில்லை. எனக்குத் தெரியாதா?

பிப்ரவரி 4

தொலைபேசி நிலையத்தில் முப்பத்தோரு வருடம் ஊரையே லைனில் காக்க வைத்தவள் நான். அந்தப் பாவமெல்லாம் இன்று ஒரே காலையில் தீர்ந்தது. நாற்பது நிமிடம் ஒரே இசை. ஒன்றை அழுத்து, மூன்றை அழுத்து. கடைசியில் ஒரு பெண்:

"மேடம், முதன்மை ஓட்டுநரா பேசுறீங்க?"

"அவரோட மனைவி."

"சாரி மேடம், அவர்கிட்டதான் பேச முடியும்."

லைனை வெட்டிவிட்டாள்! என் காலத்தில் நான் ஒருவரையும் இப்படி வெட்டியதில்லை. சரி, ஒரே ஒரு முறை. அந்த ஆள் அதற்குத் தகுதியானவன்.

பிப்ரவரி 5

மகனிடம் புலம்பினேன். "காரை வித்துடுங்கம்மா. டாக்ஸி கூப்பிட்டுக்கலாம்" என்கிறான். தங்கை இருக்கும் இல்லம் ஊருக்கு வெளியே, குவாரியைத் தாண்டி. டாக்ஸி கொண்டுபோய் விடும். திரும்பிவர? பக்கவாதம் வந்ததிலிருந்து நான் ஊட்டினால்தான் அவள் வாயைத் திறக்கிறாள். வாரத்தில் இரண்டு நாளாவது வயிறு நிறையட்டும் என்றுதான் ஓடுகிறேன். வித்துடுங்க என்று சொல்ல இவனுக்கு வாய் இருக்கிறது, சித்தியைப் போய்ப் பார்க்கக் கால் இல்லை.

பிப்ரவரி 7, சனி

இந்த நோட்டிலாவது உண்மையை எழுதி வைக்கிறேன். இவர் கார் ஓட்டி மூன்று வருடம் ஆகிறது. இரண்டு கண்ணிலும் பக்கப் பார்வை போய்விட்டது. ஓட்டவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

ஆனால் இவர் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். இந்த ஊரில் பாதிப் பேருக்கு ஸ்டியரிங் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர். எனக்கும்தான். எதிர்வீட்டுக்காரர் இன்றைக்கும் "மாஸ்டர்!" என்று கை உயர்த்துகிறார். ஆகவே வண்டி எடுக்கும் போதெல்லாம் ஒரு நாடகம். இவர் ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்து எஞ்சினைப் போடுவார், கண்ணாடிகளைத் தன் உயரத்துக்குத் திருப்புவார், எதிர்வீட்டுக்காரர் உள்ளே போகும்வரை குனிந்து எதையோ தேடுவார். அப்புறம் இடம் மாறுவோம். நான் எல்லாக் கண்ணாடியையும் மறுபடி திருப்பி வைக்க வேண்டும்.

பாலிசியிலும் முதன்மை ஓட்டுநர் இவர்தான். எனக்கு 'எப்போதாவது ஓட்டுபவர்' என்று பட்டம். வருடா வருடம் அந்தப் படிவத்தை நிரப்பியது நான்தான். மாற்ற மனசு வரவில்லை.

பிப்ரவரி 10

மூன்று கம்பெனிகளை விசாரித்தாயிற்று. ஒன்று, சீட்டுக்கடியில் ஒரு பெட்டி வைத்து நான் எப்படி பிரேக் போடுகிறேன் என்று வேவு பார்க்குமாம். வேறு வேலை இல்லையா? இன்னொன்று பாதி விலை. பொடி எழுத்தைப் படித்தேன்: எழுபது தாண்டியவர் இடித்தால் கிடையாது, இருட்டிய பின் இடித்தால் கிடையாது, மழையில் இடித்தால் கிடையாது. வெயிலில் நிற்கும் காருக்கு மட்டும் இன்சூரன்ஸ்போல.

பழைய கம்பெனியே தேவலை. மூத்த ஓட்டுநர்களுக்கு ஒருநாள் வகுப்பு, முடித்தால் நல்ல தள்ளுபடி. ஆனால் முதன்மை ஓட்டுநர்தான் வர வேண்டும்.

பிப்ரவரி 11

சொன்னேன். குதித்தார். "எனக்கே கிளாஸா? அங்க பாடம் எடுக்கிறவனுக்கு கியர் போடக் கத்துக்குடுத்தவனே நான்தான்!"

"கிளாஸுக்கு முன்னாடி கண் டெஸ்ட் இருக்குங்க."

அடங்கிவிட்டார். நான் அதோடு நிறுத்தியிருக்கலாம். வாய் நின்றால்தானே. "நாளைக்கு நான் எங்கயாவது இடிச்சா ஒத்தப் பைசா தரமாட்டாங்க. ஓட்டுறது ஒருத்தி, பேப்பர்ல இருக்கிறது இன்னொருத்தர். இன்னும் யாருக்காகங்க இந்த வேஷம்? எதிர்வீட்டுக்காரருக்கா?"

எழுந்து உள்ளே போனார். சாப்பிட வரவில்லை.

பிப்ரவரி 12

இவர் முன்னால் டீயை வைத்தேன். ஆறியது. எடுத்தேன்.

பிப்ரவரி 14, சனி

தங்கையைப் பார்க்கும் நாள். சாவியை எடுத்தேன், திரும்ப மாட்டிவிட்டேன். வாய்விட்டுச் சொன்ன பிறகு அந்தப் பொய்க் காகிதத்தை வைத்துக்கொண்டு வண்டியை எடுக்கத் துணிச்சல் இல்லை. மத்தியானம் இல்லத்து நர்ஸ் கூப்பிட்டாள். ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். "அம்மா, நீங்க வரலியா? அவங்க ஒரு வாய்கூட வாங்கல. வாசலையே பாத்துட்டு இருக்காங்க."

இவர் நாற்காலியில்தான் இருந்தார். கேட்டிருப்பார். கேட்கட்டும். எனக்கு அழுகையும் ஆத்திரமுமாக வந்தது. எது எவ்வளவு என்று தெரியவில்லை.

பிப்ரவரி 16, திங்கள்

குளித்துவிட்டு வந்தால் இவர் போனைக் காதில் வைத்தபடி நிற்கிறார். உட்காரவே இல்லை. அந்த நாற்பது நிமிட இசை இவருக்கும்.

"முதன்மை ஓட்டுநர்தாம்மா பேசுறேன். ஆனா நான் இல்ல, மாத்தணும். என் சம்சாரம் பேரைப் போடுங்க... மூணு வருஷமா அவதான் ஓட்டுறா. எனக்குக் கண் தெரியல... ஆமாம்மா, முன்னாடியே சொல்லியிருக்கணும். தப்புதான்... அவ எப்படி ஓட்டுவான்னா கேக்குறீங்க? நான் கத்துக்குடுத்தது."

போனை வைத்துவிட்டு, "டீ இருக்கா?" என்றார்.

பிப்ரவரி 19

வகுப்பு. கண் டெஸ்டில் தேறினேன். பாடம் எடுத்தவர் இவருடைய பழைய மாணவர். என் ரிவர்ஸில் குறை கண்டுபிடித்தார். வீட்டில் வந்து சொன்னதும் இவருக்கு வந்ததே கோபம். "அவனா சொன்னான்? டெஸ்ட் அன்னிக்குத் தூணை இடிச்சவன்!" சான்றிதழை அனுப்பியாயிற்று. தொகை இறங்கியது. நான் கேட்ட அளவு இல்லை, கட்டக்கூடிய அளவு.

பிப்ரவரி 21, சனி

எதிர்வீட்டுக்காரர் வாசலில்தான் இருந்தார். இவர் நேராகப் போய்ப் பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.

"என்ன மாஸ்டர், இன்னிக்கு அந்தப் பக்கம்?"

"நாப்பது வருஷமா இதுதானேப்பா என் சீட்டு! ஸ்டியரிங் எல்லாம் பசங்க பிடிக்கிறது."

குவாரி வளைவில் இவர் கால் தரையை அழுத்தி மிதித்தது. ஸ்கூல் வண்டியில் அந்த இடத்தில் இவருக்கென்று ஒரு பிரேக் இருந்தது. "மெதுவா... இண்டிகேட்டர் போடு... மெதுவான்னு சொல்றேன்ல!" வழியெல்லாம் இதே பாட்டு. இந்த ஆளைக் காட்டிலும் அந்த வேவு பார்க்கும் பெட்டியையே வாங்கியிருக்கலாம்.

தங்கை கிண்ணத்தைக் காலி செய்தாள். இன்னும் கொஞ்சம் கேட்டாள். திரும்பிவர வண்டியில் ஏறினேன். கண்ணாடிகள் நான் வைத்தபடியே இருந்தன.