பட்டியலில் இல்லாத குரல்

மார்ச் 3, திங்கள்

கணினியின் ஹார்ட் டிஸ்க் சாகக் கிடக்கிறது. புதியதில் லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவியாக வேண்டும், அதுவும் வெள்ளிக்கிழமைக்குள். அன்று என் கணவர் மருத்துவமனையிலிருந்து வருகிறார், குரல்வளை இல்லாமல். இனி அவர் தட்டச்சு செய்ய, கணினிதான் பேசும். அதற்காகவே அறுவை சிகிச்சைக்கு முன் மூன்று வாரம் தன் குரலைப் பதிந்துவைத்தார்.

"நான் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டேன். தாவரவியல் ஆசிரியையாகக் காலமெல்லாம் தாவரங்களை வகைப்படுத்தியவளுக்கு மென்பொருள்கள் எம்மாத்திரம்?

மார்ச் 4

ஒரு மென்பொருளைக் கேட்டால் அது தன் உறவினர் பட்டாளத்தையே கூட்டிவருகிறது. கேட்டு வந்தவை எவை, ஒட்டிக்கொண்டு வந்தவை எவை என்று கணினி குறித்துவைத்திருக்கிறது. கேட்டவற்றை மட்டும் காட்டச் சொன்னேன். ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு! மனுஷன் இத்தனையா கேட்டார்?

பிறகுதான் உறைத்தது: முதல் நாள் லினக்ஸ் தானாக இறக்கியவற்றையும் அவர் கேட்டதாகவே எழுதியிருக்கிறது. அந்த முதல் நாள் பட்டியலைத் தேடிப் பிடித்துக் கழித்தேன். மிஞ்சியது அறுபத்து மூன்று. அதில் சதுரங்க ஆட்டம் மட்டும் நான்கு.

மாலைக்குள் அவருடைய கோப்புகளை நகலெடுத்து, அறுபத்து மூன்றையும் புதிய டிஸ்க்கில் நிறுவிவிட்டேன்.

மார்ச் 5

காலையில் பழைய டிஸ்க்கைக் கணினிக் கடையில் கழிவுக்குக் கொடுத்தேன். மருத்துவமனைக்குச் சென்று, பெருமையாகப் பட்டியலை வாசித்தேன். அவர் சிலேட்டில் எழுதினார்: "என் குரல் எங்க?"

"இதுலதானே இருக்கும்?"

"இருக்காது. அது நானே கட்டினது, என் கோப்புகளோட சேராம தனியா ஒரு மூலைல வெச்சிருக்கேன். பட்டியலுக்குத் தெரியாது. பழைய டிஸ்க் பத்திரமா, டீச்சரம்மா?"

"பத்திரம்" என்றேன். வாய் கூசவில்லை. கால்தான் கடைக்கு ஓடியது.

என்ன காரியம் பண்ணிட்டேன் — கேட்டிருக்கக் கூடாதா? ஒரு வார்த்தை?

கடைக்காரர் ஒரு பெரிய பெட்டியைக் காட்டினார். "இன்னிக்கு வந்ததெல்லாம் இதுலதாம்மா கிடக்கு. எது உங்களுதுன்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க?"

ஒன்றில் மட்டும் என் கையெழுத்தில் சீட்டு ஒட்டியிருந்தது: எடுத்த தேதி, எடுத்த இடம், எடுத்தவர் பெயர். உலர்தாவரங்களுக்கு ஒட்டிப் பழகிய கை. குப்பைக்கும் ஒட்டியிருக்கிறது.

மார்ச் 6

டிஸ்க் மூன்று முறை நின்றது. அவர் குரல் இருந்த ஒரே ஒரு கோப்புறையை நகலெடுக்க ஐந்து மணி நேரம். நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

மார்ச் 7

வந்தார். உட்கார்ந்தார். ஒரு விரலால் தட்டினார்.

"நாலு சதுரங்கத்துல ஒண்ண ஏன் விட்டுட்டே?" அவருடைய குரலேதான்; அதே எகத்தாளம்.

"நாலும் இருக்கு. கண்ணாடியப் போட்டுப் பாருங்க."

"மூணுதான்."

"நாலு!"

அரை மணி நேரம் சண்டையிட்டோம். கடைசி வார்த்தை அவருடையது. விட்டுக்கொடுத்தேன்.