துடுப்பைக் கட்டாமல் போனவன்

அன்புள்ள மாப்பிள்ளை,

நீங்களும் தங்கச்சியும் ஆளுக்கொரு வீடு பார்த்துக்கொண்ட பிறகும் உங்களை இப்படி அழைக்கலாமா என்று தெரியவில்லை. வேறு எப்படியும் எனக்கு வாய் வரவில்லை.

நாம் ஏரியில் மீன் பிடித்த காலத்தில், துடுப்பை மடியில் வைத்தால் கயாக் படகு நின்ற இடத்திலேயே நிற்கும். அந்த நினைப்போடுதான் ஞாயிற்றுக்கிழமை முதன்முறையாகக் கடலில் இறங்கினேன். தூண்டிலில் முதல் மீன் மாட்டிய சந்தோஷத்தில், பக்கவாட்டில் வந்த அலையைக் கவனிக்கவில்லை. கவிழ்ந்து, தட்டுத்தடுமாறி ஏறி உட்கார்ந்தபோது துடுப்பைக் காணோம். காற்று என்னைக் கடலுக்குள் தள்ளிக்கொண்டே இருந்தது. கத்தினேன், என் குரல் எனக்கே கேட்கவில்லை.

அப்போதுதான் உங்கள் கயாக் வந்தது. கரையில் என் காரைப் பார்த்துவிட்டுத் தேடி வந்ததாகப் பிறகு சொன்னீர்கள். கயிற்றை என் கயாக்கில் கட்டிக்கொண்டே திட்டினீர்கள்.

"ஏன் மச்சான், கடல்ல துடுப்பக் கட்டி வச்சுக்கணும்னு யாரும் சொல்லலையா?"

"சொல்ல வேண்டிய ஆளு நீங்கதானே மாப்பிள்ளை."

கரைவரை உங்கள் முதுகையே பார்த்துக்கொண்டு வந்தேன். பயம் போய்விட்டிருந்தது.

கரையில் சொல்லாமலே வந்துவிட்டேன். இப்போது சொல்கிறேன்: நன்றி மாப்பிள்ளை.

தங்கச்சி வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். நாலு திட்டுத் திட்டினாள். பிறகு அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டு, "அவரு பத்திரமா கரைக்கு வந்துட்டாருல்ல?" என்றாள். என்னை இழுத்து வந்தவரே நீங்கள்தான் என்று அப்போதுதான் சொல்லி முடித்திருந்தேன்!

அவள் எழுதச் சொல்லவில்லை. நானாகத்தான் எழுதுகிறேன்.

உங்கள்
மச்சான்