கீழே விழுந்தவனிலிருந்து

நண்பா,

போன வாரம் உன் பெண்டாட்டி பாமா உன் புத்தகங்களை ஆப்பிள் பெட்டிகளில் கட்டி என் வீட்டுக்கு அனுப்பிவிட்டாள். இன்று முதல் பெட்டியைப் பிரித்தேன். அந்துருண்டை வாசனை மூக்கில் ஏறியது. மேலேயே அந்தச் சிவப்புத் தோல் அட்டைப் புத்தகம். நூற்றைம்பது வருஷத்துக்கு முன் லண்டனில் அச்சான போர்ப் படங்கள். மெல்லிய தாளை விலக்கினால் பீரங்கி வாயில் கட்டப்பட்ட சிப்பாய். அடுத்த பக்கத்தில் குடல் சரிந்த குதிரை, அதன் அடியில் நசுங்கிக் கிடக்கும் இரண்டு பேர்.

நினைவிருக்கிறதா? தாம்பரத்தில் பழைய பேப்பர் கடைக்காரன் அட்டை வேறு, தாள் வேறு என்று இதைப் பிய்க்கப்போனான். நீ அவன் கையைப் பிடித்து முறுக்கினாய். "விடு சார், கை ஒடிஞ்சிடும்!" என்று அலறினான். புத்தகத்துக்காக ஆளை அடிக்கிற வெறி உனக்கு. அந்தச் சந்தடியில் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு நழுவுகிற வெறி எனக்கு.

பம்மலில் உன் லேத் பட்டறைக்கு மேலிருந்த அறையில் ஞாயிறுதோறும் லென்ஸோடு உட்காருவோம். குதிரைமேல் வாளை ஓங்கும் தளபதியை நான் பார்த்தால் உனக்குப் பொறுக்காது.

"இன்னாடா மேலயே பாத்துகினு கீற? கீழ பாரு. சாவுறவன் மூஞ்சி அங்க கீது."

படத்தின் அடியிலிருந்துதான் தொடங்க வேண்டும். அது நீ போட்ட சட்டம். மிதிபட்ட கை, பிளந்த மண்டை, மண்ணைக் கவ்விய வாய். விழுந்தவன் முகத்தில் நிஜமான பயம் தெரிந்துவிட்டால், பொய் சொல்லாத ஓவியன் சிக்கிவிட்டான் என்று குதிப்பாய். ரசித்தோம், நண்பா. கொஞ்சமும் கூசாமல் ரசித்தோம்.

போன ஆடியில், சேலையூர் கேம்ப் ரோட்டில், ஓர் ஆட்டோக்காரரை இரண்டு பேர் இரும்புக் கம்பியால் அடித்துக்கொண்டிருந்தார்கள். நீ வண்டியை நிறுத்திவிட்டுக் குறுக்கே பாய்ந்தாய். முட்டாளே, உனக்கு எதற்கடா அந்த வேலை? கம்பி உன் மண்டையில் இறங்கியது. ஆட்டோக்காரர் பிழைத்தார். உன் உயிர் அங்கேயே போய்விட்டது. வேடிக்கை பார்த்த ஒருவன் எடுத்த வீடியோ ஊரெல்லாம் சுற்றியது. எனக்கும் வந்தது. நான் திறக்கவே இல்லை.

பெட்டிகள் வந்த அன்று பாமா போன் செய்தாள்.

"அண்ணா, என்னால அதைப் பாக்க முடியாது. நீங்க பாத்து சொல்லுங்க. கடைசியா அவரு ஏதாவது சொன்னாரா?"

எப்படி மாட்டேன் என்பது?

பார்த்தேன். பழக்க தோஷம், கண் திரையின் அடிக்குத்தான் போனது. தரையில் நீ. காதோரம் வழிந்த ரத்தம் தார் ரோட்டில் பரவுகிறது. கம்பி மறுபடி இறங்குகிறது. உன் முகத்தில் அப்பட்டமான பயம். உதடு அசைகிறது, ஏதோ சொல்கிறாய். ஆனால் எவனோ ஒரு பாவி அதன்மேல் குத்துப்பாட்டைப் போட்டுவிட்டிருக்கிறான். பாட்டு இல்லாத வீடியோவைக் கேட்டு எத்தனையோ பேரிடம் கெஞ்சினேன். யாரிடமும் இல்லை. பாமாவுக்குப் போன் செய்தேன்.

"பேசினாரும்மா. என்னன்னுதான் கேக்கலை. மேல பாட்டுப் போட்டிருக்கானுங்க."



"பேசினாரு இல்ல? அது போதும்ணா."

எனக்குப் போதவில்லை. சத்தத்தை அணைத்துவிட்டு, லென்ஸை வைத்து, உன் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஒரு வார்த்தையடா. ஒரே ஒரு வார்த்தையாவது அவளிடம் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.