தோல் ஊசியில் தைத்த குயில்ட்

ஜூலை 14, ஞாயிறு.

பிரசவத்துக்கு வந்த மகள் கலா என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். செல்போனில் ஒரு படத்தைக் காட்டி, "நைனா, பாப்பாவுக்கு இந்த மாதிரி குயில்ட் தைச்சுக் குடு" என்றாள். சாம்பலும் மஞ்சளுமாக முக்கோணத் துணித்துண்டுகள், உள்ளே பஞ்சு. இருபத்திரண்டு வருஷமாக கம்பெனியில் ஷூவுக்கு மேல்தோல் தைக்கிறவனுக்கு இதெல்லாம் ஒரு வேலையா என்று அலட்டிக்கொண்டேன்.

நாளைக்குப் பேர் வைக்கிறோம். சம்பந்தி வீட்டார் எல்லாம் வருவார்கள். அது வேறு. புதுத்துணியை அப்படியே குழந்தைக்குப் போடக்கூடாது என்று நான் தைத்து முடித்த குயில்ட்டை மனைவி காலையில் அலசிப் பிழிந்தாள். தையல் போன வழியெல்லாம் துணி பர்ரென்று கிழிந்துவிட்டது. பழக்க தோஷத்தில் வீட்டு மெஷினில் தோல் ஊசியை மாட்டித் தைத்திருக்கிறேன். அதன் முனை கத்தி மாதிரி வெட்டிக்கொண்டே போகும். தோல் தாங்கும், பருத்தி தாங்குமா?

"இன்னாய்யா, பேத்திக்கு பூட்ஸா தைச்ச?" என்றாள் மனைவி. எனக்குச் சிரிப்பு வரவில்லை. கடையில் ஒன்று வாங்கி வருகிறேன் என்று சட்டையை மாட்டினேன்.

கலா விடவில்லை. வெயிலில் காய்ந்ததும் கிழிந்த ஓரங்களை அவள் உள்ளே மடித்துப் பிடிக்க, நான் சாயங்காலம் வரை கையாலேயே தைத்தேன். குயில்ட் பாதி அளவுக்குச் சுருங்கிவிட்டது. பாப்பாவை அதில் படுக்கவைத்தாள். அளவு சரியாக இருந்தது.

"இவ வளர்றதுக்குள்ள பெருசா இன்னொண்ணு தைச்சுடு நைனா. ஊசிய மட்டும் நான் வாங்கியாறேன்."

ரிஜெக்ட் ஆன பீஸுக்கு மறு ஆர்டர் கிடைத்தது என் சர்வீஸில் இதுதான் முதல் தடவை.